கடல் கடக்காத சிரிப்பு

அவிநாசியில் பிறந்த நான் பதினெட்டு ஆண்டுகளாக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வசிக்கிறேன். தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் புத்தகம் படிக்கிறேன். இவற்றில் எது நெருக்கமான மொழி என்று கேட்பவர்களுக்கு, படிப்பதை வைத்து என்னால் பதில் சொல்ல இயலவில்லை. சிரிப்பதை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

புத்தகங்கள் எளிதாகக் கடல் கடந்துவிடுகின்றன. என் அலமாரியில் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ இருக்கிறது. 1942இல் வெளிவந்த அந்நாவல், கொங்குச் சிற்றூர் ஒன்றின் வாழ்வை அம்மண்ணின் பேச்சோடு பதிவு செய்தது. அதே சண்முகசுந்தரம்தான் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்க நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே 2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு நெடும்பட்டியலில் இடம்பெற்றது. கொங்கு நாட்டைக் கண்டிராதவரும் அந்தக் காதலர்களின் துயரத்தை உணர்ந்துகொள்கிறார். அழுகை மொழிபெயர்ந்துவிடுகிறது.

சிரிப்பு அப்படியா? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அது பிறக்கும் இடங்கள் என்கிறது. இவற்றுள் மடன் என்பது, பற்றிக்கொண்டதை விடாத தன்மை. என் அனுபவத்தில் மடன் எங்கும் பயணம் செய்கிறது; எள்ளல் ஊரைவிட்டு நகர மறுக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று ஜெர்மானியத் தொலைக்காட்சிகளில் ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற குறுநாடகம் ஒளிபரப்பாகும். 1963இல் ஹாம்பர்க்கில் பதிவு செய்யப்பட்ட அந்நாடகத்தின் உரையாடல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தொண்ணூறாவது பிறந்தநாள் காணும் ஒரு மூதாட்டி. விருந்துக்கு வரவேண்டிய நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துவிட்டார்கள். ஆனாலும் வழக்கம் மாறக் கூடாது. பணியாளர் ஒவ்வொருவர் கோப்பையிலும் மதுவை ஊற்றி, அவர்களுக்காகத் தானே குடித்துத் தள்ளாடுகிறார். ஆங்கிலம் அறியாத முதியவர்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியும் இதே வகைதான். இரண்டு பழம் வாங்கச் சென்ற செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிஞ்சியதையே காட்டி அதுதான் அந்த இன்னொன்று என்று சாதிப்பார். அலுவலக நண்பர்களுக்கு அதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். கவுண்டமணியின் முகம் தெரியாமலேயே சிரித்தார்கள்.

துணிவு பெற்று, ‘சதி லீலாவதி’யில் (1995) கோவை சரளா பேசும் வசனம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று. கொங்குத் தமிழில் எள்ளல் சொல்லில் இல்லை. ‘ங்க’ என்ற மரியாதை விகுதியில் ஒளிந்திருக்கிறது. உரிமையோடு ஒருமையில் அழைப்பவர் திடீரென்று மரியாதை கொடுத்தால், நம்மை வாருகிறார் என்று பொருள். ஜெர்மனிலும் மரியாதைப் பன்மை உண்டு. ஆனால், எந்த உறவில், எந்த நொடியில் அது மாறியது என்பதைக் காது அறிந்திருக்க வேண்டும். அந்தக் காதை அகராதி தராது.

இதன் விலையை என் வீட்டிலேயே கண்டேன். என் மகள் வார இறுதித் தமிழ் வகுப்புக்குச் செல்கிறாள். பிழையின்றித் தமிழ் எழுதுவாள். ஒருமுறை, ஒரு மாத இடைவெளிக்குப் பின் அவிநாசியில் இருக்கும் தன் அமுச்சியைத் தொலைபேசியில் அழைத்தாள். எப்போதும் ‘கண்ணு’ என்று தொடங்கும் என் தாய் அன்று, “கலெக்டரம்மாவுக்கு இப்பத்தான் நேரம் ஒழிஞ்சுதுங்களா?” என்றார். மகள் பொறுப்பாகப் பதில் சொன்னாள்: “நான் கலெக்டர் இல்லை அமுச்சி, எட்டாவது படிக்கிறேன்.” என் தாய் சிரித்தார். பின்பு சிறிது நேரம் பேசவில்லை. தன் பேத்திக்குத் தன் சொற்கள் புரிகின்றன, தான் புரியவில்லை என்பதை அந்த நொடியில் அவர் அறிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

தவறு என்னுடையது. வீட்டில் வட்டாரச் சொல் வாயில் வந்தால், வகுப்பில் குழம்புவாளே என்று நானே திருத்திவந்தேன். ‘ஒறம்பரை’ என்று சொல்ல வந்து, ‘உறவினர்’ என்று மாற்றிக்கொண்டேன். எழுத்துத் தமிழ் அவளுக்கு நூலகத்தைத் திறக்கும்; அது கட்டாயம் தேவை. ஆனால், பாட்டியின் திண்ணைக்குப் போகும் வழி பேச்சுத் தமிழ்தான். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பாடநூலுக்குத் தரும் கவனத்தில் கொஞ்சத்தைக் கேலிக்கும் கிண்டலுக்கும் தர வேண்டும். பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்பதும், ஊர்க்காரர் ஏன் சிரித்தார் என்று விளக்குவதும் மொழிக்கல்விதான்.

இப்போது நாங்கள் அதைச் செய்கிறோம். சென்ற மாதம் என் தாய் பகல் உறக்கத்தில் இருந்ததால் தொலைபேசியைத் தாமதமாக எடுத்தார். மகள் கேட்டாள்: “மகாராணிக்கு இப்பத்தான் தூக்கம் தெளிஞ்சுதுங்களா?”

மறுமுனையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.