எழுத்தாளர் கடிதங்களும் அவற்றைத் தொகுக்கும் முறையும்

புகழ்பெற்ற நாவலாசிரியரின் கையொப்பமிட்ட கடிதங்களைத் தேடித் தொகுப்போர் இரு சாரார். ஒரு சாரார் கையொப்பத்தை அரும்பொருளாகப் போற்றுவர். மற்றொரு சாரார் கடிதம் முழுவதையும் சான்றாகக் கொள்வர். இலக்கிய வரலாற்றிற்கு உதவுவது பின்னையதே என்பதை ஈண்டு விளக்குவோம்.

பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் பிளோபேர் (1821–1880), ‘மதாம் பொவாரி’ என்னும் நாவலை 1851-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அப்பணியில் தாம் உற்ற இடர்களை லூயிஸ் கொலே என்னும் பெண் கவிஞர்க்குப் பல கடிதங்களில் எழுதினார். அவ்வம்மையார் அவற்றைக் காத்தமையால், அந்நாவல் உருவான வரலாற்றை இன்று அறிகின்றோம். அம்மையார் எழுதிய கடிதங்களோ பெரும்பாலும் கிடைக்கவில்லை. எனவே, கடிதத்தின் வாழ்வு பெற்றவர் கையிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

இதற்குத் தமிழ்ச் சான்று, குருவிகுளமும் இடைசெவலும் அடங்கிய கரிசல் நிலத்திலேயே உண்டு. இடைசெவலிற் பிறந்த கு. அழகிரிசாமி (1923–1970), சென்னையிலும் மலாயாவிலும் பணியாற்றியவர். அவர் தம் ஊர் நண்பரான கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களை நண்பர் பேணிவைத்தார்; அவை பின்னர் நூலாக வெளிவந்தன. அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டிற்கும், ராஜநாராயணனுக்கு 1991-ஆம் ஆண்டிற்கும் சாகித்திய அக்காதெமிப் பரிசு வழங்கப்பெற்றது. பரிசும் புகழும் வருமுன்னரே நட்பின் பொருட்டுப் பேணப்பெற்ற தாள்கள் இன்று ஆராய்ச்சிக்குரிய மூலங்களாயின.

தொகுப்போர் கருதவேண்டுவன சில. உறையைக் கடிதத்தினின்றும் பிரித்தல் கூடாது. எழுதியவர் ஆண்டைக் குறிக்காதவிடத்து அஞ்சல் முத்திரையே அதனை உணர்த்தும். அஞ்சலட்டையிற் கையொப்பத்தை மட்டும் வெட்டியெடுப்பின், மறுபுறத்துச் செய்தியும் அழியும். கடிதம் யாரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். இதனை நன்கு ஆராயாமையால், 19-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கணித அறிஞர் மிஷேல் ஷால் பல்லாயிரம் போலிக் கடிதங்களை விலைகொடுத்து வாங்கினார். கிளியோபாத்திரா பிரெஞ்சு மொழியில் எழுதியதாகக் காட்டப்பெற்ற கடிதமும் அவற்றுள் ஒன்று! அவற்றைப் புனைந்த வ்ரேன் லூக்கா 1870-இல் தண்டனை பெற்றான்.

ராஜநாராயணன் 2021-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் பிறர்க்கு எழுதிய கடிதங்கள் பெற்றவர்தம் இல்லங்களிலேயே இருத்தல் கூடும். பழந்தாள்களைக் கழிக்கும் நாளில் அவை கறையானுக்கோ எடைக்கடைக்கோ இரையாகலாம். ஆதலின், கரிசல் வட்டாரத்தார் தம் வீட்டுப் பெட்டிகளை ஒருமுறை திறந்து நோக்குவாராக. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்தோர் வழிவந்த நாம், அஞ்சலட்டைகளை இழந்துவிடலாகாது.