ஒரு டயர் கிழிஞ்சா நாலையும் மாத்தணுமா? ஆல்-வீல்-டிரைவ் காருக்குக் கணக்கே வேற!

மலைப்பாதையில் ஒரு கூரான கல். டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்குக் கிழிசல். அந்த இடத்தில் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். “ஒண்ணு மட்டும் புதுசா போட்டுக்கோங்க சார், மத்த மூணும் பாதிதான் தேஞ்சிருக்கு” என்பார் கடைக்காரர். சாதாரண காராக இருந்தால் அந்த யோசனை பெரும்பாலும் ஓடிவிடும். ஆல்-வீல்-டிரைவ் காரில், மிச்சம் பிடித்த மூன்று டயர் காசைவிடப் பெரிய செலவை அது பின்னால் இழுத்துவரலாம்.

ஏன் என்று புரிய கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மாருதி கிராண்ட் விட்டாராவில் வரும் 215/60 R17 டயரையே எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் சுமார் 690 மி.மீ., சுற்றளவு சுமார் 2,167 மி.மீ. கடைகளில் ‘பட்டன்’ என்று சொல்லும் மேல்பரப்பின் பள்ளம், புது டயரில் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். அதில் 4 மி.மீ. தேய்ந்துவிட்டால் சுற்றளவு சுமார் 25 மி.மீ. குறையும். அதாவது ஒரு இன்ச். ஒரு இன்ச்சில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் தேய்ந்த டயர், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புது டயரைவிட ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் இந்த வித்தியாசம் 1,700 சுற்றைத் தாண்டிவிடும்.

சாதாரண முன்சக்கர டிரைவ் காரில் பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வருபவை. முன்னால் எத்தனை சுற்று, பின்னால் எத்தனை சுற்று என்று யாரும் ஒப்பிடுவதில்லை. ஆல்-வீல்-டிரைவில் முன்னும் பின்னும் ஒரு தண்டால் இணைக்கப்பட்டிருக்கின்றன. நடுவே பல கிளட்ச் பிளேட்கள் அடுக்கிய ஒரு கப்ளிங் இருக்கும், சில கார்களில் சென்டர் டிஃபரென்ஷியல் இருக்கும். வளைவில் திரும்பும்போதும், சேற்றில் சக்கரம் வழுக்கும்போதும் வருகிற வேக வித்தியாசத்தைச் சில நொடிகள் சமாளிப்பதுதான் அவற்றின் வேலை. டயர் அளவு வேறாக இருந்தால் நேர்சாலையிலும் அந்த வித்தியாசம் ஓயாது. பிளேட்கள் உரசிச் சூடாகும், எண்ணெய் கெடும், பிறகு தேயும்.

இதில் கம்ப்யூட்டரும் குழம்பும். இப்போதைய கார்களில் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்பதை ஏபிஎஸ் சென்சார்கள் சொல்லும் வேகத்தை வைத்துத்தான் கார் முடிவுசெய்கிறது. முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் முன்சக்கரம் எப்போதும் வேகமாகச் சுற்றும். ‘முன்னாடி வழுக்குது’ என்று நினைத்து, காய்ந்த தார்ச்சாலையிலேயே பின்சக்கரத்துக்குச் சக்தியை அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

“ரெண்டா போட்டுட்டா சரியாயிடுமே?”

கடைகளில் அடுத்து வரும் யோசனை இதுதான். ஒரே அச்சில் ஜோடியாகப் போடுவது பிரேக்குக்கும் பிடிமானத்துக்கும் நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆல்-வீல்-டிரைவில் சிக்கல் இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை. ஒரு புது டயர் போட்டால் அந்த அச்சின் சராசரி வேகம் பாதி அளவே மாறும். மீதியை அந்த அச்சில் இருக்கும் டிஃபரென்ஷியல் தாங்கிக்கொள்ளும். இரண்டும் புதிதென்றால் முன்னுக்கும் பின்னுக்குமான முழு வித்தியாசமும் நடுவில் இருக்கும் கப்ளிங் தலையில்தான் விழும்.

எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும்? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தன் கார்களில் பெரும்பாலானவற்றை ஆல்-வீல்-டிரைவாகவே விற்கும் ஜப்பானின் சுபாரு, நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் இன்ச்சுக்குள் இருக்கச் சொல்கிறது. பட்டன் ஆழத்தில் பார்த்தால் அது வெறும் 1 மி.மீ! வேறு சில கம்பெனிகள் இதைவிடத் தாராளம். உங்கள் காருக்கு என்ன என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். டயரில் 1.6 மி.மீ. அடையாளக் கட்டை தெரியும்வரை ஓட்டலாம் என்ற பொதுவிதி இங்கே பாதி உண்மைதான். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு, நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். அவை தேவைப்படும்போது மட்டும் லீவர் போட்டு நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகை. 2H-ல் ஓடும்போது முன்னும் பின்னும் இணைந்திருக்காது. ஆனால் 4H போட்டால் நடுவில் டிஃபரென்ஷியலே கிடையாது என்பதால், டயர் ஒன்றாக இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடவே கூடாது.

சரி, ஒன்று கிழிந்தேவிட்டது. முதல் வேலை, மீதி மூன்றின் ஆழத்தை அளப்பது. டயர் கடையில் இதற்கு கேஜ் இருக்கும். ஆன்லைனில் வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். வித்தியாசம் கம்பெனி சொல்லும் வரம்புக்குள் என்றால் அதே பிராண்ட், அதே மாடலில் ஒன்று வாங்கினால் போதும். பிராண்டையும் மாற்றக் கூடாது. பக்கவாட்டில் ஒரே 215/60 R17 என்று எழுதியிருந்தாலும் இரு கம்பெனி டயர்களின் உண்மையான சுற்றளவு ஒன்றாக இருக்காது.

வரம்பைத் தாண்டினால்? அமெரிக்காவில் புது டயரைப் பழையதின் அளவுக்குச் சீவிக் கொடுக்கும் சேவையே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய புது ரப்பரைச் சீவித் தள்ளுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். மூன்று நல்ல டயரைக் கழற்றிப் போடுவதைவிட அது மலிவு என்பதே அங்குள்ள கணக்கு. நம் ஊரில் அதே மாடலில், அதே அளவு தேய்ந்த செகண்ட் ஹேண்ட் டயர் தேடலாம். ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2323 என்றால் 2023-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. அதுவும் கிடைக்காவிட்டால் நான்கும் புதிது. மூன்றில் நல்லதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டெப்னி அளவு சிறியதென்றால் அதை மாட்டி ஊர் சுற்றக் கூடாது; டயர் கடை வரைக்கும் மெதுவாகப் போக மட்டுமே அது. பழைய ஆட்டோமேட்டிக் சுபாருக்களில், ஸ்டெப்னி போடும்போது பின்சக்கர டிரைவைத் துண்டிப்பதற்கென்றே ஒரு ஃபியூஸ் இடம் கொடுத்திருந்தார்கள்.

டயர் கிழியாவிட்டாலும் இந்த வித்தியாசம் தானாகவே வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். இன்ஜின் எடையும் ஸ்டீயரிங் வேலையும் முன்னால் இருப்பதால் முன்டயர்கள் சீக்கிரம் தேயும். மேனுவல் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, முன்பின் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்தே தேயும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே அலாய் என்றால் ஐந்தையும் சுழற்சியில் விடலாம். நாளைக்கு ஒன்று கிழிந்தாலும் கையிலேயே பொருத்தமான டயர் இருக்கும். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம்.

ஏற்கெனவே வேறு வேறு டயரில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் அதிர்ந்தாலோ, அடியில் முனகல் கேட்டாலோ, ஆல்-வீல்-டிரைவ் விளக்கு எரிந்தாலோ, டயரோடு சேர்த்து கப்ளிங்கையும் பின் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள்.