தாள் தொலைந்தாலும் உடல் மறப்பதில்லை

இடம்பெயர்வின்போது எம்மவர் பலர் தொலைத்தவற்றுள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் ஒன்று. டீட்டிகோனிலோ அயலூர்களிலோ வைத்தியரிடம் முதன்முறை செல்லும்போது அவர் அதனைக் கேட்பார். "ஊரிலேயே எல்லாம் போட்டாயிற்று" என்பது வழக்கமான பதில். அப்பதில் ஏன் போதாது என்பதை அறிய, எமது உடல் நோயை எதிர்க்கும் முறையைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

உடலின் முதல் அரண் தோல். மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சளிப்படையும் இரைப்பையின் அமிலமும் அதற்குத் துணை. இவற்றைத் தாண்டி உட்புகும் கிருமிகளை, குருதியிலும் இழையங்களிலும் உள்ள வெண்கலங்கள் சில விழுங்கி அழிக்கின்றன. இது பிறவியிலேயே அமைந்த காவல். எந்தக் கிருமி வந்தாலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே அது போரிடும்.

இரண்டாவது காவல் வேறுவிதமானது. அது கிருமியை இனங்கண்டு தாக்குகின்றது. பி வகைக் கலங்களிலிருந்து தோன்றும் பிறபொருளெதிரிகள், குருதியில் திரியும் கிருமியைப் பற்றிக்கொள்கின்றன. எமது கலத்துக்குள்ளேயே ஒளிந்துவிட்ட வைரசை அவற்றால் எட்ட இயலாது. அங்கு பணிபுரிவன ரி வகைக் கலங்கள்.

அவை நோயுற்ற கலத்தை எவ்வாறு அடையாளங் காண்கின்றன? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர், டீட்டிகோனிலிருந்து சிறிது நேர ரயில் பயணத் தொலைவிலுள்ள சூரிச் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த றொல்ப் சிங்கர்நாகெல். 1970களின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில், பீற்றர் டொகேற்றியுடன் சேர்ந்து அவர் எலிகளை ஆராய்ந்தார். ஓர் எலியின் ரி கலங்கள், தன்னின எலியின் வைரசு தொற்றிய கலங்களைக் கொன்றன. அதே வைரசு தொற்றிய வேற்றின எலியின் கலங்களையோ தொடாமல் விட்டன. வைரசின் துணுக்கு, உடலின் சொந்த அடையாளப் புரதத்தோடு சேர்ந்து தோன்றினால் மட்டுமே ரி கலம் அதனை உணரும் என்பது இதனால் தெளிவாயிற்று. இருவருக்கும் 1996இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

போர் முடிந்தபின் பெரும்பாலான கலங்கள் மடிந்துவிட, சில நினைவுக் கலங்களாக எஞ்சுகின்றன. அந்நினைவு எத்தனை காலம் நிலைக்கும்? டென்மார்க்குக்கு உரிய பாரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து பரவியது. பின்னர் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு தலைகாட்டவில்லை. 1846இல் அது மீண்டும் வந்தபோது, 8,000க்கும் குறைந்த மக்களில் ஏறக்குறைய 6,000 பேர் நோயுற்றனர். ஆனால் 1781இல் அந்நோய் கண்டு தப்பியிருந்த முதியவர்களுள் ஒருவரையும் அது தீண்டவில்லை என்று, அங்கு சென்று ஆராய்ந்த இளம் வைத்தியர் பீற்றர் பானும் பதிவு செய்தார். நோயின் துன்பமின்றி இதே நினைவை உடலுக்குக் கொடுப்பதே தடுப்பூசி.

சின்னமுத்துக்கு மற்றொரு கொடிய இயல்பும் உண்டு. அது நினைவுக் கலங்களையே தாக்குகின்றது. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவு இதனைக் காட்டிற்று. வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் கொண்டிருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை சின்னமுத்தினால் அழிந்திருந்தன. தடுப்பூசியோ அத்தகைய இழப்பை ஏற்படுத்தவில்லை.

இனி வைத்தியரின் கேள்விக்கு வருவோம். ஊரில் பெற்ற ஊசியின் நினைவு எமது உடலில் இருக்கலாம். எனினும் எந்த ஊசி, எத்தனை முறை என்பதை வெளியிலிருந்து எவரும் வாசித்தறிய இயலாது. ஆகவே சுவிஸ் வைத்தியர்கள் எழுத்தில் பதிவான ஊசிகளையே கணக்கில் எடுக்கின்றனர். முன்னர் பெற்றவர் சின்னமுத்துத் தடுப்பூசியை மீண்டும் பெறுவதால் தீங்கில்லை. ஆனால் அதில் வலுக்குறைத்த உயிருள்ள வைரசு இருப்பதால், கருவுற்ற பெண்களும் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களும் அதனைப் பெறலாகாது. இந்நிலைமைகளை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் இரு ஊசிகள் இங்கு பரிந்துரைக்கப்படுகின்றன. பெற்றோர் தமது நிலையையும் விசாரித்தறிதல் நன்று. புதிய அட்டை எழுதப்பட்டதும், வதிவிட அனுமதிப் பத்திரத்தோடு அதனையும் பத்திரமாக வைப்போமாக.