கடலில் விளக்கு அணையாதிருக்க...

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கரையில் மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். நடுக்கடலில் விசைப்படகில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? வலை இழுக்க வெளிச்சம் இராது. நம் படகு இருப்பதைப் பெரிய கப்பல்களுக்குக் காட்டும் விளக்கு எரியாது. 156.8 மெகாஹெர்ட்ஸில் உதவி கேட்கும் வயர்லெஸ் பேசாது. ஜி.பி.எஸ். கருவி இருண்டுவிடும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976-ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இது உயிர்ப் பிரச்சினை.

இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தருவது, டீசல் எஞ்சினின் பக்கத்தில் பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர். எங்கள் ஊரில் இதை 'டைனமோ' என்பார்கள். என் தந்தையார் விசைப்படகு டிரைவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எஞ்சின் வேலைகள் நடக்கும். அப்போது கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் ஆல்டர்னேட்டரை ஒரு மல்டிமீட்டரால் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே இருப்பவை

1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. நடுவில் சுழலும் ரோட்டரில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. இரு கார்பன் பிரஷ்களும் இரு நழுவு வளையங்களும் வழியாக அதற்கு மின்னோட்டம் செல்ல, ரோட்டர் மின்காந்தமாகிறது. சுற்றியுள்ள ஸ்டேட்டரின் மூன்று சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஆறு டையோடுகள் நேர்த்திசையாக்குகின்றன. ரோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து மின்னழுத்தத்தைக் காப்பது ரெகுலேட்டர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றும்போது, புல்லிகளின் அளவால் ஆல்டர்னேட்டர் 3000 சுற்றுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 50 சுற்று. ரோட்டரில் 6 ஜோடித் துருவங்கள் இருந்தால் அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ். வகுப்பில் போடும் கணக்கு இங்கே பெல்ட்டில் ஓடுகிறது!

கழற்றுமுன்

முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, உப்புக்காற்றில் இணைப்புகள் களிம்பேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைக்கலாம். 12 வோல்ட் அமைப்பில், எஞ்சின் ஓடாதபோது முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை உயர வேண்டும். உயரவே இல்லையெனில் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

வீட்டில் செய்பவை

1. பிரஷ்: தேய்ந்து குட்டையாகிவிட்டதா, கூட்டுக்குள் சிக்காமல் அசைகிறதா என்று காண்க.

2. ரோட்டர்: இரு வளையங்களுக்கிடையே பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது; மிகக் குறைந்தால் சுருளுக்குள் ஷார்ட். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

3. ஸ்டேட்டர்: மூன்று முனைகளில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே அளவான, மிகச் சிறிய மின்தடை வேண்டும். உடற்பகுதியோடு தொடர்பு கூடாது. சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் சாதாரண மீட்டர் காட்டாது. கருகிய நிறமும் வாடையுமே காட்டிக்கொடுக்கும்.

4. டையோடு: ஸ்டேட்டர் இணைப்பைப் பிரித்துவிட்டு, டையோடு நிலையில் மீட்டரை வைத்தால், ஒரு திசையில் 0.5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். மறுதிசையில் எதுவும் காட்டக் கூடாது. ஒரு டையோடு அறுந்தாலும் சார்ஜ் ஏறும், ஆனால் குறைவாக.

ஓட்டிப் பார்த்தல்

அசையாமல் இறுக்கிப் பொருத்திய ஆல்டர்னேட்டரை, 1440 சுற்று வேகமுள்ள அரைக் குதிரைத்திறன் மோட்டாரால் சுழற்றலாம். மோட்டாரின் புல்லி இரு மடங்கு பெரியதாயிருந்தால் சுமார் 2880 சுற்றுக் கிடைக்கும். பேட்டரியின் நேர்முனைக்கும் ஆல்டர்னேட்டரின் எச்சரிக்கை விளக்கு முனைக்கும் இடையே 12 வோல்ட், 3 வாட் பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் அதன் வழியேதான் போகிறது. நிற்கும்போது எரியும் பல்பு, வேகம் ஏறியதும் அணைந்தால் மின்சாரம் பிறந்துவிட்டது என்று பொருள். பிறகு 60 வாட் ஹெட்லைட் பல்பைப் பளுவாகக் கொடுத்தும் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கலாம்.

முழுப் பளுவை வீட்டில் சோதிக்க முடியாது. 35 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 490 வாட். அரைக் குதிரைத்திறன் 373 வாட்தான். அந்தச் சோதனையைப் படகில்தான் செய்ய வேண்டும்.

எச்சரிக்கை! சுழலும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றினால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகள் போய்விடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. தோளில் துண்டோடு பெல்ட்டருகில் நிற்கவும் கூடாது.

பிரஷ் தேய்ந்ததற்காகப் புதிய ஆல்டர்னேட்டரே வாங்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பணம் கடனாகத்தான் வருகிறது. பெல்ட் வழுக்குவதை என் தந்தையார் ஓசையிலேயே கண்டுபிடிப்பார். எந்தச் சுருள் அறுந்தது என்பதை மீட்டர்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் பழுது எது, செலவு எவ்வளவு என்பது தெளிவாகும். மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் ஓம் விதியைச் சரிபார்த்த கைகளால் நம் ஊர்ப் படகொன்றையும் சரிபார்ப்போம்!