தேயிலைத் தடத்தில் 300 கிலோமீட்டர்

மாமல்லபுரம், கோவளம் மணலில் காலை நடை போய்ப் பழகியவர்களுக்கு மேடு என்றால் திருக்கழுக்குன்றம்தான். ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி வேதகிரீஸ்வரரைத் தரிசித்து இறங்கினாலே முழங்கால் முறையிடும். அந்தக் கால்களைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டால் இலங்கை மலையகம் தூரமில்லை. சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. பொங்கல் நாளில் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான்.

தேயிலைத் தோட்டங்களின் ஊடே போகும் நடைத்தடமான 'பீக்கோ ட்ரெயில்' கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கட்டங்களை எடுத்துக்கொண்டாலே ஒரு விடுமுறை நிறைந்துவிடும். ஹட்டன் பக்கம் போகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போய்விடுங்கள். சித்திரை பிறந்தால் மதியத்தில் இடி மழை, புல்லுக்குள் அட்டை. டிசம்பர் முதல் மே வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்துக்குள்தான் இந்த மாதங்களும் வருகின்றன. 2,243 மீட்டர் உயரத்தில் சூரியோதயம் பார்க்க நடு இரவிலேயே படியேற வேண்டும். அப்புத்தளையில் தம்பேதன்ன ஆலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏழு கிலோமீட்டர் ஏற்றம். விடியலிலேயே கிளம்பினால் பள்ளத்தாக்கு தெரியும், தாமதித்தால் மூடுபனிதான்.

இந்தத் தடத்தின் பெரும்பகுதி சுற்றுலாவுக்கென்று புதிதாக வெட்டியதல்ல. கொழுந்தையும் தேயிலைப் பெட்டிகளையும் கொண்டுபோக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் போட்ட தோட்டத்துச் சாலைகள். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்று எல்லா வழிகாட்டிக் குறிப்பிலும் இருக்கும். அந்த ஏக்கர்களில் குழி வெட்டியவர்கள் யார்?

ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகள். 1820களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கியது அவர்கள் பயணம். ஆள் சேர்க்க வந்த கங்காணி சொன்ன வார்த்தையை நம்பி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இருநூறு ஆண்டு நிறைவில், 2023இல், அவர்களின் வாரிசுகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் நடைப்பயணம் போனார்கள். மலையகத்தில் நடக்கப் போகிற தமிழர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நடை அதுதான்.

தோட்டத்துக்குள் வழி கேட்க நம் தமிழே போதும். கேட்டால் வழி சொல்கிறவர் இன்றும் பெரும்பாலும் லயத்துக்காரர். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஒரு குடும்பம். சற்று மேலே துரை பங்களா. இப்போது பல இடங்களில் அது சொகுசு விடுதி. சுற்றுலா வந்தால் ஊருக்கே காசு என்கிறார்கள். வழிகாட்டி வேலை சிலருக்குக் கிடைப்பதும் உண்மை. ஆனால் லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலானோர் கையில் வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதிப் பத்திரம் இல்லை. தன் பெயரில் இல்லாத அறையை யார் விருந்தினர் விடுதியாக்க முடியும்? வங்கி எதை நம்பிக் கடன் தரும்? தனி வீட்டுத் திட்டங்களில் பேசப்படுவதே 7 பேர்ச்சஸ், நம் கணக்கில் நாலேகால் சென்ட் சொச்சம். தடம் போகும் நோர்வுட்டில் 2017இல் இந்திய உதவியாக 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகள் அவசரம், ஏனென்றால் லயங்கள் நிற்பது சரிவில். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நம் கரையை நோக்கி வருமுன் அந்த மலைகளைத்தான் சரித்துவிட்டு வந்தது.

ஆகவே முன்பதிவு செய்யும்போது சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். வழிகாட்டி தோட்டத்துப் பிள்ளையா? மதியச் சாப்பாட்டு ரொட்டியும் சம்பலும் எந்த வீட்டில், யாருக்குக் காசு? மழைக்குப் பிறகு அந்தக் கட்டம் திறந்திருக்கிறதா? கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கும்முன் அனுமதி கேளுங்கள். நிறை குறைந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி குறையும், நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். பேச விரும்பினால் மாலையில், வேலை முடிந்து அவர்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு போங்கள்.