ஏரிக் காவலில் தன்னார்வ அமைப்புகள்: ஹைதராபாத் தரும் பாடம்

தக்காண பீடபூமியின் பாறைச் சரிவுகளில் அமைந்த ஹைதராபாத், ஏரிகளால் வாழ்ந்த நகரமாகும். குதுப் ஷாஹி ஆட்சியில், 1562-இல் உசேன் சாகர் கட்டப்பட்டது. 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டுப் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. அதன் பின்னர், பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவின் பரிந்துரைப்படி உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பெற்றன. இப்பெரிய நீர்த்தேக்கங்களைத் தவிர, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிறிய, நடுத்தர ஏரிகள் பதிவாகியுள்ளன. இவற்றுள் பலவற்றை இன்று கண்காணித்து வருவோர் அப்பகுதிகளில் வாழும் தன்னார்வத் தொண்டர்களேயாவர். அவர்களால் என்ன இயலும், என்ன இயலாது என்பதை ஆராய்வது, நகர நிர்வாகத்தில் ஈடுபட்டோருக்கும் மாணவர்களுக்கும் பயனளிக்கும்.

சங்கிலித் தொடர் ஏரிகள்

தெலங்கானாவின் ஏரிகள் தனித்தனியே அமைந்தவை அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியே வழியும் நீர், அடுத்த ஏரிக்குச் செல்லும். அதிலிருந்து அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். காகத்திய மன்னர்கள் காலத்தில் வளர்ந்த இம்முறை, நம் பாண்டிய, சோழ நாட்டு ஏரித் தொடர்களை ஒத்ததாகும். ஒவ்வோர் ஏரிக்கும் ஆயக்கட்டு இருந்தது. மதகைத் திறந்து வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் பணியை, நம் ஊர்களில் நீர்க்கட்டி செய்ததைப் போல, அங்கே 'நீரடி' என்பவர் செய்து வந்தார். வாய்க்காலைத் தூர் வாரவும் கரையைச் செப்பனிடவும் ஆயக்கட்டு விவசாயிகள் ஒன்றுகூடினர். தமிழகத்தில் இதனைக் குடிமராமத்து என்றனர். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் காணப்படும் ஏரி வாரியமும் இவ்வகைப் பொறுப்பின் வடிவமேயாகும்.

ஆயக்கட்டு மறைந்ததன் விளைவு

நகரம் விரிந்தபோது முதலில் மறைந்தது ஏரியன்று, அதன் ஆயக்கட்டே. வயல்கள் மனைகளாயின. மதகு நீருக்குத் தேவை இல்லாமற் போயிற்று. நீரடிக்கும் வேலை இல்லை. ஏரி இருந்தும், அதனால் பிழைப்பவர் எவரும் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. அதே வேளையில், மழைநீரைக் கொண்டுவந்த வரத்துக் கால்வாய்கள் குடியிருப்புகளின் கழிவுநீரைக் கொண்டுவரலாயின. கோடையில் வற்றி, மழையில் நிரம்பிய ஏரி, ஆண்டு முழுவதும் சாக்கடை நீரால் நிரம்பி நிற்கும் குட்டையாக மாறிற்று.

நீரில் கலக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அக்கொடி பரவி ஒளியைத் தடுக்கிறது. மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராண வாயுவை உறிஞ்சிவிடுகிறது. மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவேனும் கரைந்த பிராண வாயு தேவை என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதற்குக் கீழே இறங்கினால் மீன்கள் செத்து மிதக்கின்றன. தெலங்கானா மாநில விழாவான பதுக்கம்மாவில், பெண்கள் மலர்க் கோபுரங்களை ஏரியில் விடுவது மரபு. ஏரி சாக்கடையானால் மரபும் நலிகிறது.

நெக்நாம்பூர் முயற்சி

நகரின் மேற்குப் பகுதியில் மணிகொண்டாவை அடுத்துள்ள நெக்நாம்பூர் ஏரி இந்நிலையில்தான் இருந்தது. 'துருவான்ஷ்' என்னும் தன்னார்வ அமைப்பு 2016 முதல் இதன் பராமரிப்பில் ஈடுபட்டது. குப்பைகளையும் ஆகாயத்தாமரையையும் அகற்றுதல், கரையில் மரக்கன்று நடுதல் ஆகிய பணிகள் நடந்தன. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள், உலக ஈரநில நாளில், அரசுத் துறைகளின் ஒத்துழைப்புடன் சுமார் 3,000 சதுர அடிப் பரப்புள்ள மிதக்கும் சுத்திகரிப்புத் தெப்பம் ஒன்று ஏரியில் விடப்பட்டது.

இதன் அமைப்பு எளியது. அடியில் மூங்கில், அதன் மேல் மிதப்பதற்குத் தெர்மாகோல், அதற்கு மேல் சாக்குத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே சரளைக்கல். வெட்டிவேர், கல்வாழை, சம்பு முதலிய செடிகள் இதில் நடப்படுகின்றன. மண் இல்லாமையால் வேர்கள் நேரே நீருக்குள் தொங்குகின்றன. வேர்களின் மேல் படரும் நுண்ணுயிர்கள் கழிவுப் பொருள்களைச் சிதைக்கின்றன. சிதைந்த சத்துகளைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: வளர்ந்த செடிகளைக் காலத்தில் அறுத்துக் கரையேற்ற வேண்டும். இல்லையேல், உறிஞ்சிய சத்து இலையுடன் அழுகி மீண்டும் நீருக்கே திரும்பிவிடும். தெப்பத்தைக் கட்டுவது ஒருநாள் விழா. அதனைப் பேணுவது ஆண்டு முழுவதுமான உழைப்பு.

முயற்சியின் எல்லை

தெப்பத்தின் திறன் அதன் பரப்பைப் பொறுத்தது. ஏரிக்குள் வந்து விழும் கழிவுநீரோ புதிதாக எழும் ஒவ்வோர் அடுக்குமாடிக் குடியிருப்புடனும் பெருகுகிறது. மேலேயுள்ள பகுதியில் சுத்திகரிப்பு நிலையமும் பாதாளச் சாக்கடை இணைப்பும் ஏற்படாதவரை, தொண்டர்கள் வாரும் கழிவைவிட வந்து சேரும் கழிவே மிகுதியாக இருக்கும். இது தொண்டர்களின் குறையன்று. வீட்டுக்குள் வெள்ளம் புகும்போது வாசலை அடைக்காமல் நீரை இறைப்பது போன்றதே இது.

பொருளாதார நோக்கில் மற்றொரு சிக்கலும் உண்டு. தூய்மையான ஏரியின் பயன் அனைவர்க்கும் பொது, உழைப்பவரோ சிலர். உழைக்காதவரைப் பயனிலிருந்து விலக்க இயலாது. மேலும், ஏரி அழகுபெற்றதும் அதனைச் சுற்றியுள்ள மனையின் விலை உயர்கிறது. விலை உயர்ந்ததும் கரையை ஆக்கிரமிக்கும் ஆவல் பெருகுகிறது. ஆக, எல்லை காக்கப்படாத ஏரியைத் தூய்மை செய்வது, ஆக்கிரமிப்பாளருக்கு இலவச மானியம் வழங்குவதாகவும் முடியக்கூடும்.

பொதுச் சொத்துகள் அழிந்தே தீரும் என்னும் கருத்தை மறுத்து ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மக்கள் தாமே பொதுச் சொத்தைக் காக்க இயலும்; ஆயினும் தெளிவான எல்லை, கண்காணிப்பு, மீறுவோர்க்குப் படிப்படியான தண்டனை, மக்கள் அமைப்புக்கு அரசின் அங்கீகாரம் ஆகியவை வேண்டும் என்பது அவர் முடிவு. ஆயக்கட்டு விவசாயிகளிடம் இவை யாவும் இருந்தன. நகரத் தொண்டர்களிடம் இருப்பது கண்காணிப்பு ஒன்றே.

எல்லை எது?

ஏரியின் சட்ட எல்லை, அது முழுமையாக நிரம்பும்போது நீர் நிற்கும் மட்டமாகும். அதற்கு வெளியே, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிக்கு 30 மீட்டரும், சிறிய ஏரிக்கு 9 மீட்டரும் காப்பு இடைவெளியாகக் கட்டட விதிகளில் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் நீர்ப்பரப்பினுள்ளேயே 'சிக்கம்' எனப்படும் பட்டா நிலங்கள் உண்டு. நீர் வற்றும் காலத்தில் பயிர் செய்யலாம். கட்டடம் எழுப்பலாகாது என்பதே அவற்றின் நிபந்தனை. பயிருக்கான உரிமை மனைக்கான உரிமையாகத் திரிக்கப்படும் இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன. வருவாய்த் துறை, பாசனத் துறை, மாநகராட்சி ஆகியவற்றின் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் ஏரியே தோற்கிறது.

இத்தோல்வியின் விலையை 2020 அக்டோபர் காட்டிற்று. ஒரே நாளில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் மழை பெய்தது. கால்வாய்கள் அடைபட்டிருந்தமையால் நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. பாலாப்பூர் அருகே குர்ரம் செருவின் கரையும் உடைந்தது. மிகுதியும் துன்புற்றோர், தாழ்ந்த பகுதிகளில் மலிவாக மனை வாங்கிய எளிய குடும்பத்தினர். 2024 ஜூலையில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் பொறுப்புடன் 'ஹைட்ரா' என்னும் அமைப்பை மாநில அரசு ஏற்படுத்தியது. அதன் நடவடிக்கைகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன: கட்டடம் எழுந்தபின் இடிப்பதைவிட, எழுமுன் எல்லைக் கல் நடுவது அரசுக்கும் மக்களுக்கும் செலவு குறைந்த வழியாகும்.

செய்யத்தக்கவை

அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு, ஏரிகளையும் ஆறுகளையும் பேணுதல் குடிமக்களின் கடமை என்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் 'வெட்லாண்ட் மித்ரா' என்னும் பெயரில் உள்ளூர்த் தொண்டர்களை ஈரநிலப் பாதுகாப்பில் இணைக்க ஊக்கமளிக்கிறது. இது வெறும் பெயரளவில் நின்றுவிடாதிருக்க, மூன்று செயல்கள் இன்றியமையாதவை. முதலாவதாக, ஏரியின் எல்லை வரைபடத்தைக் கரையிலேயே மக்கள் காணும்படி வைக்க வேண்டும். இரண்டாவதாக, தொண்டர் தரும் புகாருக்குக் குறித்த நாளுக்குள் விடையளிக்கும் ஓர் அதிகாரி ஒவ்வோர் ஏரிக்கும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, கழிவுநீரைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் அரசுடையது என்பதை ஏற்று, கரைப் பராமரிப்பை மட்டுமே தொண்டர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

முன்பு ஆயக்கட்டு விவசாயி ஏரியைக் காத்தார். ஏனெனில் அவருடைய சோறு அதில் இருந்தது. இன்றைய நகரவாசிக்கும் நிலத்தடி நீரும் வெள்ளப் பாதுகாப்பும் அதே ஏரியில்தான் உள்ளன. அதனை உணர்ந்த சிலர் தாமாகவே கரையில் இறங்கியுள்ளனர். அவர்களை விழா நாளில் பாராட்டுவதோடு அமையாது, அவர்கள் எழுதும் கடிதத்துக்கு விடை தருவதே நிர்வாகம் ஆற்றக்கூடிய உண்மையான உதவியாகும்.