ஃப்ளூ வந்தால் காது ஏன் வலிக்கிறது?

வடகிழக்குப் பருவமழையில் ஃப்ளூ கூடும்போது, காஞ்சிபுரத்திலும் குழந்தைகளின் காதுவலிக்குத் தலைக்குக் குளித்ததையே பலர் காரணம் சொல்வார்கள். செவிப்பறை கிழியாதவரை வெளித்தண்ணீர் நடுக்காதுக்குள் போகவே முடியாது. வழி உள்ளே இருக்கிறது: மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல். வைரஸால் உட்சவ்வு வீங்கிக் குழல் அடைபட, உள்ளிருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு நீர் கோக்கிறது. அதில் பாக்டீரியா பெருகலாம். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டை, கிடைமட்டமும்கூட. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளின் வாய்கள் அடைபடுவதும் இதே வீக்கத்தால்தான்.

அப்படியானால் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன? அது வைரஸைத் தொடாது. சைனஸ் தொல்லை 10 நாளைத் தாண்டினாலோ, தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, காதில் சீழ் வடிந்தாலோ மருத்துவர் அதைத் தருவது நியாயம். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்குக் காய்ச்சலுக்குப் பின் காது மந்தமானால், பழியைத் தறிச் சத்தத்தின்மேல் போடாமல் பரிசோதிக்க வேண்டும்: கோத்த நீரால் வரும் மந்தம் பெரும்பாலும் தானே தீரும், இரைச்சலால் அழிந்த உள்காதுச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.